இடது பக்கம் வராத பந்துகள்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக்குக்கு முந்தைய பெண்கள் ஹாக்கி முகாமில் ஆறு நாட்கள் நான் வீடியோவை வெட்டினேன். வெட்டியது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘ராஞ்சியின் காலை வெயில் நீலத் தரையின் மேல்—’

(வேண்டாம். வெயிலில் ஆரம்பிக்கும் கதைகளை நானே பாதியில் மூடிவிடுவேன்.)

இரண்டாவது: ‘இந்தியாவுக்காக நூற்றுத் தொண்ணூறு ஆட்டங்களில் கோல் காத்த செலஸ்டினா பிலுங், ஒருபோதும்—’

ஒருபோதும் பயந்ததில்லை என்று எழுத வந்தேன். பயந்தாள். பெரிய ஆட்டங்களுக்கு முன்னால் வாந்தி எடுப்பாள். பக்கெட் பிடித்தவள் நான்.

2

நான் பிலோமினா டுங்டுங். சிம்டேகாக்காரி. ஒரு காலத்தில் இதே அணியில் லெஃப்ட் ஹாஃப், நடுக்களத்தின் இடது பக்கம் என்னுடையது. இப்போது மைதானத்தின் ஓரத்து இரும்புக் கோபுரத்தில் ஏறிப் பயிற்சியைப் படம் பிடிப்பதும், தேவையான துண்டுகளை வெட்டிக் கோச் இபெம்ஹல் மேடத்துக்கு அனுப்புவதும் என் வேலை.

ஒலிம்பிக் அணிப் பட்டியலில் பதினாறு பேர். அதில் கோல்கீப்பர் ஒருத்திதான். அந்த ஒரே இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள்: முப்பத்திரண்டு வயது செலஸ்டினா, இருபத்தொரு வயது அனுபா கெர்கெட்டா.

பட்டியலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அதைப் பார்த்தேன். தரையோடு இடது மூலைக்கு வரும் பந்துக்கு செலஸ்டினாவின் கால் தாமதமாகப் போனது. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். இடுப்பு வலி. மாத்திரை போட்டுக்கொண்டு மறைத்தாள். அந்தப் பந்துகளை மட்டும் நான் வெட்டியெடுத்துத் தனியாக ஒளித்து வைத்தேன்.

ஏன்? ‘நட்பு’ என்று முதல் வரைவில் எழுதினேன். பாதிதான் உண்மை. இருபத்து நான்கு வயதில் என் முழங்கால் கெட்டதை யாரோ போய்ச் சொல்லி, பட்டியலுக்கு இரண்டு நாள் முன்னால் என்னை ரயிலேற்றி விட்டார்கள். அந்த யாரோவாக நான் இருக்கக் கூடாது என்பது மீதிப் பாதி.

3

அனுபாவை முதலில் பேராசைக்காரியாக எழுதினேன். கதைக்கு வசதியாக இருந்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன். நடந்தது இதுதான்: சாப்பாட்டுக்குப் பிறகு ஈரத் தலையோடு கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள். மூத்தவர்களை அவள் ‘தீதி’, அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

“பிலோ தீதி, செலஸ்டினா தீதி இடது பக்கம் தடுத்ததெல்லாம் வேணும். பார்த்துக் கத்துக்கறேன்.”

“இந்த வாரத்துல அப்படி எதுவும் இல்லையே.”

“இல்லையா? எதிர் கோல்ல நின்னு நான்தானே பார்த்தேன். நேத்து மட்டும் நாலு வந்துச்சு.” குரலைத் தாழ்த்தினாள். “நாலும் உள்ள போச்சு.”

“மேடத்துகிட்ட சொல்லப் போறியா?”

“சொன்னா இடத்துக்காகப் போட்டுக் கொடுத்தேன்னு ஆகும். சொல்லலைன்னா ஊருக்குப் போய் எருமை மேய்க்கணும். ரெண்டு தீதியும் சேர்ந்து என்னை நல்லா மாட்டி விட்டீங்க.”

நாற்காலியை நேராக வைத்துவிட்டுப் போனாள். கோபத்திலும் நாற்காலியை நேராக வைக்கும் பெண்ணைப் பேராசைக்காரியாக எழுத என்னால் முடியவில்லை.

4

ஏழாம் நாள் கோபுரத்தின் இரும்புப் படிகளில் சத்தம் கேட்டது. ஒரு படி, இரண்டு காலும் அதில் நிற்கும், பிறகு அடுத்த படி. இருபத்தெட்டுப் படிகளும் அப்படியே. யார் என்று பார்க்கத் தேவை இருக்கவில்லை.

“என்னடி, பெரிய டைரக்டர் ஆயிட்டியாமே? வேண்டாத சீனெல்லாம் வெட்டறியாமே?” என்றாள் செலஸ்டினா.

“யார் சொன்னா?”

“காட்டு.”

காட்டினேன். பதினொரு பந்துகள். கடைசி வரை பார்த்தாள்.

“யாருடி இந்தக் கிழவி?” என்று கேட்டுச் சிரித்தாள்.

[இதைப் படித்துவிட்டு செலஸ்டினா போனில் சொன்னது: “நான் எங்கடி சிரிச்சேன்? எனக்கு மூச்சு வாங்குச்சு. உனக்குச் சிரிப்பாக் கேட்டிருக்கு.” இருக்கலாம். சிரித்ததாகவே விட்டுவைக்கிறேன். எனக்கு அது தேவைப்படுகிறது.]

“மேடத்துக்கு அனுப்பு.”

“என்னால முடியாது, செலஸ்.”

“என்னால மட்டும்? மூணு தடவை மேடம் ரூம் வாசல் வரைக்கும் போயிட்டேன். வாயில வரமாட்டேங்குது. உனக்கென்னடி, ஒரு பட்டன்தானே?”

அழுத்தினேன். திரை ‘அனுப்பப்பட்டது’ என்றது. ஏணியில் இறங்குவதுபோல, எனக்கு முதுகைக் காட்டாமல், என்னைப் பார்த்தபடியே அவள் இறங்கினாள். நான் போய்க் கையைப் பிடித்திருக்கலாம். போகவில்லை.

5

கூப்பிட்டனுப்பிய இபெம்ஹல் மேடம், நான் போனபோது டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“பிலோமினா, ஆறு நாளா நம்ம பொண்ணுங்க ஒருத்திகூட இடது பக்கம் அடிக்கலையே. அப்படி ஒரு பக்கம் இருக்கறதையே மறந்துட்டாளுங்களோன்னு நினைச்சேன்.”

“தெரிஞ்சும் ஏன் மேடம் கேக்கலை?”

“கேட்டிருந்தா?”

“பொய் சொல்லியிருப்பேன்.”

“அப்புறம் உன்னை நான் வேலைக்கு வெச்சுக்க முடியாம போயிருக்கும்.” கோப்பையை வைத்தார். “ஆனா ஒலிம்பிக்குக்கு உன்னைக் கூட்டிட்டுப் போகப் போறதில்லை. வேற ஆள் பார்த்துட்டேன்.”

அது நியாயம்தான். இப்போது எழுதும்போது நியாயம் என்கிறேன். அன்றைக்குக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை பட்டியல் வந்தது. அனுபா.

6

(இந்த இடத்தில் செலஸ்டினா தன் ஹெல்மெட்டை அனுபாவின் கையில் கொடுத்து வாழ்த்துவதாக ஒரு முடிவு எழுதினேன். பொய். இரண்டு நாள் செலஸ்டினா அவளோடு பேசவே இல்லை. மூன்றாம் நாள் அனுபாவின் கால் பேடின் வார் தளர்ந்திருப்பதைப் பார்த்து, “அதை இறுக்கிக் கட்டு, லூசு,” என்றாள். அவ்வளவுதான்.)

ஒலிம்பிக் காலிறுதி நடந்தபோது செலஸ்டினா ராஞ்சியில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள். பகல் வேளை. நான் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அனுபா எட்டுப் பந்துகளைத் தடுத்தாள். எட்டாவதைத் தடுத்தபோது செலஸ்டினா போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தாள்.

ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ஒரு பந்து வலது மேல் மூலையில் போனது. ஒன்றுக்கு இரண்டு. தோற்றோம்.

வலது மேல் மூலை செலஸ்டினாவின் இடம். அங்கே வரும் பந்தைக் காலால் அல்ல, கையால் தடுக்க வேண்டும். அவள் கைக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து போன் அடித்தது. அனுபா. அழுதழுது குரல் கட்டியிருந்தது.

“தீதி, உண்மையைச் சொல்லுங்க. நீங்க நின்னிருந்தா அதைத் தடுத்திருப்பீங்கதானே?”

செலஸ்டினா என்னைப் பார்த்தாள்.

7

அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஒரு கை தூரத்தில் இருந்தேன். ‘தடுத்திருப்பேன்’ என்று எழுதி ஒரு முடிவு வைத்தேன். ‘யார் நின்னாலும் போயிருக்கும்’ என்று இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். அனுபா இதைப் படிப்பாள். அவளுக்குச் சொன்னது அவளுக்கு மட்டுமே சொன்னது.

நீங்கள் அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் உங்கள் காதில் இருக்கிறது. அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

சொல்லுங்கள்.