எல்லா மெக்கானிக்குக்கும் ஒரே நம்பர்

என் கணவர் பதினைந்து வருடம் பத்திரிகையில் போன், லேப்டாப், வாஷிங் மெஷின் என்று புதிதாக வருவதையெல்லாம் குறை சொல்லியே பெயர் வாங்கியவர். குறை சொன்னால் மாமியாருக்குக்கூடச் சம்பளம் கிடையாது, இவருக்குக் கிடைத்தது. வாசகர்களோ, "அதெல்லாம் சரி சார், வீட்ல இருக்கறது ஓடல, யார்கிட்ட குடுக்கறது?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். பழுது பார்ப்பவர்களைத் தேடித் தரும் இணையதளம் தொடங்கப் போகிறாராம்.

தான் குதித்தது போதாதென்று என் தம்பியையும் சேர்த்து இழுத்தார். நல்ல சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்த பிள்ளை. "நான் பொறுப்பும்மா" என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்தவள் நான். தளம் திறக்கும் வாரம் பார்த்து, பழைய கம்பெனி அவனைத் திரும்பக் கூப்பிட்டது. திறக்கிற நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

திறக்கிற நாள் காலை, பத்திரிகையில் என் கணவரின் இடத்துக்கு வந்த நிருபர் பெண் நேரில் பார்க்க வந்திருந்தாள். தளம் திறந்தது. உடனே, ஆபீஸில் கணக்குப் பார்க்கும் என் மேஜைப் போன் அடித்தது.

"ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குங்களா?"

"இல்லைங்க, இது ஆபீஸ்."

வைத்தேன். மறுபடி அடித்தது. "அயர்ன் பாக்ஸ் ரிப்பேர் பண்றவர்தானே?"

அப்போதுதான் உறைத்தது. சோதித்துப் பார்க்கும்போது மெக்கானிக்குகளைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று, எல்லார் பெயருக்கு நேரேயும் எங்கள் ஆபீஸ் நம்பரைப் போட்டு வைத்திருந்தான் தம்பி. எடுக்க மறந்துவிட்டான். ஊரில் உள்ள அத்தனை மெக்கானிக்கும் நானே!

தம்பி கம்ப்யூட்டர் பக்கம் பாய்ந்தான். என் கணவருக்குப் பழைய புத்தி விடுமா? நிருபரிடம் திரும்பி, "எழுதிக்கம்மா, முதல் நாளே சொதப்பல். நானா இருந்தா தலைப்புலயே போடுவேன்" என்றார்.

"ஏங்க, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க!" என்று கத்திவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தேன். என்ன கோளாறு, எந்தப் பக்கம் வீடு என்று கேட்டு, அருகிலிருக்கும் மெக்கானிக்கின் உண்மையான நம்பரைத் தேடிச் சொன்னேன். அதற்குள் இன்னொரு போனும் அடிக்க, அதை என் கணவர் எடுத்தார். "வாஷிங் மெஷின் குதிக்குதா? ஒரு கால் தரையில படாம இருக்கா பாருங்க. இல்லையா? அப்ப ஆள்தான் வரணும்." குறை கண்டுபிடிக்கிற வாய்க்கு அன்றைக்குத்தான் உருப்படியான வேலை கிடைத்தது.

மதியத்துக்கு மேல் தம்பி நம்பர்களைச் சரிசெய்துவிட்டான். ஆனாலும் அழைப்பு நிற்கவில்லை. "மெக்கானிக் நம்பர் இருக்கும்மா. நீங்க ஒரு வார்த்த சொன்னா தேவல" என்றார் ஒரு பெரியவர். நிருபர் பெண்ணின் கட்டுரை மாலையிலேயே பத்திரிகையின் இணையப் பக்கத்தில் வந்தது. சொதப்பலை ஒளிக்கவில்லை. கூடவே, 'கூப்பிட்டால் மனிதர் எடுக்கிறார்' என்றும் எழுதியிருந்தாள். என் கணவர் இரண்டு முறை படித்துவிட்டு, கட்டுரை கொஞ்சம் நீளம் என்றார்.

கிளம்பும்போது தயங்கித் தயங்கித் தம்பியிடம் கேட்டேன்.

"பழைய கம்பெனிக்கு என்னடா சொல்லப் போற?"

"வரலன்னு காலைலயே சொல்லிட்டேன்க்கா."

"காலைலயா? அப்ப எல்லாம் குட்டிச்சுவரா கெடந்துச்சேடா!"

"ஆக்குனது நான்தானே. விட்டுட்டு எங்க போறது?"

வயிற்றில் பால் வார்த்தான். உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது. அம்மா பயந்துபோய், "என்னடி ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகலம்மா. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."