எண்ணும்போது இல்லாதவர்கள்

அக்காவின் பெயர்ப்பலகையைக் காலையிலேயே கழற்றிவிட்டார்கள். கதவில் திருகாணித் துளைகள் மட்டும் மிச்சம். அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் யாரும் அவரைத் தலைமை வழக்கறிஞர் என்று கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் அக்காதான். ஆளுங்கட்சித் தலைவரின் செயலாளர் நீட்டிய மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நேற்று சொன்னார். இன்று அவர் வேலையில் இல்லை.

அந்த அறைக்கு இப்போது அக்காவுக்குக் கீழிருந்த வழக்கறிஞன் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"போ, போ. நாற்காலி சூடு ஆறுறதுக்குள்ள உக்காரச் சொல்றாங்க" என்றான் பக்கத்து மேசைக் குள்ளன். அவனும் வழக்கறிஞன்தான். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம் என்பதால் கேலியாக அந்தப் பெயர்.

"நீ போயேன்."

"எனக்கு அடுத்த பந்திடா. முதல்ல நீ முடி."

மனைவி இறந்துபோன பிறகு யார் கிண்டலும் அவனுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. உறைத்தபோது கதவைத் தாண்டியிருந்தான்.

உள்ளே, கோப்புகள் அடுக்கும் சின்ன அறையில் யாரோ இருமினார்கள். அவன் திரும்பவில்லை. அவளுடைய இருமல். பேருந்தின் பின் இருக்கையில் கேட்கும், குளியலறைக் கதவுக்குப் பின்னால் கேட்கும். வீட்டில்தான் அதிகம். முதலில் எழுந்து போய்ப் பார்த்தான். இப்போது போவதில்லை.

"உக்காருங்க தம்பி" என்றார் செயலாளர். மனுவை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

படிக்கத் தேவையில்லை, அலுவலகத்தில் எல்லாருக்கும் அது மனப்பாடம். வாக்குப்பதிவு முடிந்து பெட்டிகளை எண்ண இரண்டு வாரம் ஆனது. அந்த இடைவெளியில் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போனது. எண்ணும் நாளில் உயிரோடு இல்லாதவரின் வாக்கு செல்லாது என்றது மனு. எந்தச் சீட்டு அவருடையது என்று பிரிக்க முடியாது, ஆகவே தேர்தலே செல்லாது. ஆளுங்கட்சித் தலைவர் தோற்ற வித்தியாசத்தைவிடச் செத்தவர்கள் அதிகம். அரசு வழக்கறிஞர் ஒருவர் கையெழுத்திட்டால்தான் மனு நீதிமன்றப் படியேறும்.

"சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்ல சார். ஓட்டு போடுறப்ப உயிரோட இருந்தா போதும்."

"அதைக் கோர்ட்டு பாத்துக்கட்டும். நீங்க வாசலைத் தொறந்துவிட்டா போதும்."

"அக்கா தொறக்கலையே."

"அதான் வீட்ல இருக்காங்க." செயலாளர் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தார். "வேற யார் கையெழுத்துப் போட்டாலும் விலை போயிட்டான்னு பேசுவாங்க. உங்களைப் பேச ஒருத்தருக்கும் நாக்கு வராது. உங்க வீட்டம்மாவே இதுல ஒருத்தர் இல்லையா?"

மறுபடி இருமல். செயலாளரின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

வாக்குப்பதிவன்று அவள் உடம்பு கொதித்தது. இந்த நிலையில் எதுக்கு என்று கேட்டான். "உங்க ஓட்டுக்கு எதிர் ஓட்டு யாரு போடறது?" என்று செருப்பை மாட்டினாள். பள்ளிக்கூட நடையில் அவள் பாரம் முழுக்க அவன் தோளில். அட்டை மறைப்புக்குப் பின்னால் தனியாகப் போனவள் வெகுநேரம் வரவில்லை. இருமல் மட்டும் வந்தது. சாக்குக்கட்டியால் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் அவன் நின்றான். அதைத் தாண்டக் கூடாது. வெளியே வந்ததும், யாருக்குப் போட்டே என்றான். "சொல்ல மாட்டேன் போங்க. ரகசியம்."

எண்ணிக்கைக்கு முந்தின நாள், மருத்துவமனையில் போர்வையை முகம்வரை இழுத்து மூடியபோது வெளியே நீட்டியிருந்த விரலில் மை அப்படியே இருந்தது.

"அது உங்களுக்கே விழுந்த ஓட்டா இருக்கலாம் சார்."

"எது?"

"என் மனைவியோடது. யாருக்குப் போட்டான்னு எனக்கே தெரியாது. உங்க தலைவருக்கே போட்டிருக்கலாம். அதையும் சேத்துதான் குப்பையில போடச் சொல்றீங்க."

செயலாளர் பேனாவை அவன் பக்கம் தள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "செத்தவங்களுக்கு என்ன தெரியப்போவுது தம்பி? உங்களைப் பாருங்க. நீங்க இருக்கறது அரசு வீடு. வேலை போனா வீடும் போகும். இந்த வாரமே."

வீடு. வேலையைப் பற்றி யோசித்திருந்தான். வீட்டைப் பற்றி யோசிக்கவில்லை. அங்கிருந்து போய்விட்டால் இருமல் கூடவே வருமா?

"போடுறப்ப அவ உயிரோட இருந்தா சார். பக்கத்துல நான் நின்னேன்" என்றான். "இல்லவே இல்லைன்னு நான் எழுதித் தர மாட்டேன்."

பேனாவின் மூடி திரும்ப மாட்டப்படும் சத்தம் கேட்டது. "அடுத்தவரை வரச் சொல்லுங்க."

வெளியே குள்ளன் எழுந்து நின்றிருந்தான். "என்னாச்சு?"

"போடல."

"வீடு?"

"போச்சு."

குள்ளன் முகத்தை ஒருமுறை தேய்த்துக்கொண்டான். "எங்க மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. என் பொண்டாட்டிக்கு வாய் கொஞ்சம் நீளம், பழகிக்க." பிறகு திறந்த கதவருகே போய், உள்ளே காலை வைக்காமல் உரக்கச் சொன்னான்: "சார், எனக்குக் கையில சுளுக்கு. இந்த ஆபீஸ்ல எல்லாருக்குமே சுளுக்கு. தொத்து வியாதியாம்!"

தட்டச்சு ஓசை நின்றது. யாரும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட யாரும் எழுந்து உள்ளே போகவும் இல்லை.

மதியம் வீட்டுக்கு வந்து பெட்டிகளை எடுத்து வைத்தான். படுக்கையறையில் இருமல் கேட்டது. நெடுநாளுக்குப் பிறகு போய்ப் பார்த்தான். கட்டில், மடித்த போர்வை, ஜன்னல் வெயில்.

"யாருக்குப் போட்டே?"

அவன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டான்.

"சரி. சொல்லாதே."

இன்னும் மூட்டை கட்டவேண்டிய அறை அதுதான். வெயில் கட்டிலைக் கடந்து சுவருக்குப் போகும்வரை அவன் அறை வாசற்படிக்கு இந்தப் பக்கமே, அன்று சாக்குக்கட்டிக் கோட்டருகே நின்றதுபோல், நின்றான்.