மூன்றாம் கணினியின் பூட்டு

தேர்வு வினாத்தாள் அச்சடிக்கும் அந்த அச்சகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் பெண்ணை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வியாழக்கிழமை காலை, வழக்கமான சோதனைக்காக மூன்றாம் கணினியின் பயாஸுக்குள், அதாவது கணினி எப்படித் தொடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பக்கத்துக்குள், போனவள் திரையை மறுபடி ஒருமுறை படித்தாள். பென் டிரைவிலிருந்து கணினி தொடங்கக் கூடாது என்று அவள் கைப்பட அடைத்து வைத்த வழி திறந்து கிடந்தது. அந்நிய மென்பொருளால் கணினி தொடங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட் என்ற காவலும் அணைக்கப்பட்டிருந்தது. அப்படித் தொடங்கினால், மற்ற பாஸ்வேர்டெல்லாம் வேடிக்கை பார்க்க, உள்ளே இருக்கும் வினாத்தாளை அள்ளிக்கொண்டு போய்விடலாம்.

பயாஸின் பாஸ்வேர்ட் மட்டும் மாறவில்லை. தெரிந்த ஆள்தான் திறந்திருக்க வேண்டும். அது தெரிந்தவள் அவள் ஒருத்தி. அவசரத்துக்கு ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, மேலாளரிடம் கொடுத்திருந்தாள்.

மேலாளர் மேசை இழுப்பறையைத் திறந்து கவரை எடுத்துக் காட்டினார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"நீங்க டைப் பண்றப்போ பக்கத்து நாற்காலியில யாரு உக்காந்திருக்காங்க?" என்றார், குரலைத் தாழ்த்தி. "அவரு பொண்ணு இந்த வருஷம் பரீட்சை எழுதுது. தெரியுமில்ல?"

மெய்ப்புப் பார்ப்பவரைத்தான் சொன்னார். கிடைத்த இடத்திலெல்லாம் காற்புள்ளி போடுவதால் அவருக்குக் கமா என்று பெயர். எட்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர். ஆனால் அன்று முழுக்க அவர் இருமினாலும் அவளுக்கு அர்த்தம் தெரிந்தது. அவர் கை கழுவப் போன நேரத்தில் அவருடைய பையைத் துழாவினாள். ஒரு பென் டிரைவ் அகப்பட்டது. தன் கணினியில் செருகிப் பார்த்தாள். சொல்லகராதி ஒன்றும் மகளின் பாட்டுப் பதிவுகளும் இருந்தன. வேறெதுவும் இல்லை.

அதன்பிறகுதான் மூளை வேலை செய்தது. பயாஸின் கடைசிப் பக்கத்தில் ஒரு பதிவேடு உண்டு. பதற்றத்தில் அதைப் பார்க்கவே இல்லை. அமைப்பு மாறிய நேரம் அதில் இருந்தது: செவ்வாய், பிற்பகல் ஒன்று பத்து. அந்த நேரத்தில் கமாவும் அவளும் தட்டச்சுப் பெண்கள் இருவரும் பின்படிக்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 'அறையைக் காலியா விடக் கூடாது' என்று உள்ளேயே இருந்தவர் மேலாளர் ஒருவர்தான்.

அன்று மாலையே முதலாளியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"மேனேஜரு கமா மேல சந்தேகம்னா சொன்னாரு?" முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "மக எழுதற தாள் தன் கைக்கு வர வேணாம்னு அவரே எழுதிக் குடுத்திருக்காரும்மா. மூணாம் கம்ப்யூட்டர் பக்கமே அவர் போறதில்ல."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் திறந்து கிடந்த வழியை மறுபடி அடைத்து, பயாஸின் பாஸ்வேர்டை மாற்றினாள். கவருக்குள் அந்தப் புதுப் பாஸ்வேர்டுக்குப் பதில் வேறொரு சொல்லை எழுதி, எழுத்து வெளிப்பக்கம் தெரியும்படி தாளை மடித்து வைத்து, ஒட்டி மேலாளரிடம் கொடுத்தாள். ஒரு மணிக்கு முதலாளியம்மா எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டார். மேலாளர், "எனக்குத் தலைக்கு மேல வேலை" என்று கீழேயே தங்கிவிட்டார்.

அரைமணி கழித்து இறங்கி வந்தபோது மூன்றாம் கணினி உறைந்து நின்றது. மூன்று முறை தப்பான பாஸ்வேர்ட் போட்டால் அது அப்படித்தான் நிற்கும்.

முதலாளியம்மா கவரைக் கேட்டு வாங்கினார். பார்வைக்குப் பிரிக்காததுபோலவே இருந்தது. கிழித்துப் பார்த்தால், அவள் வெளிப்பக்கமாக வைத்த எழுத்து உட்பக்கமாக மடிந்திருந்தது; பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்.

"மச்சான் டியூஷன் சென்டர் நடத்துறான்மா... ஒரு தாள் குடுத்தும் இன்னொண்ணு வேணும்னு விடாம நச்சரிச்சான்," என்றார் மேலாளர். அன்றே அவரை அனுப்பினார்கள். தேர்வு நடத்தும் மேலிடத்துக்குத் தகவல் போனது. வெளியே போன தாளைக் கைவிட்டு, புதுத் தாள் தயாரிக்கச் சொன்னார்கள்.

ஊரெல்லாம் டாக்டரம்மாவின் சாமர்த்தியத்தைப் பேசியது. அவளுக்கோ சோறு இறங்கவில்லை. கமாவிடம் போய் நின்றாள்.

"அண்ணே, உங்க பையை நான் திறந்து பார்த்தேன்."

"தெரியும்," என்றார் அவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் ஜிப்பை முழுசா மூடறதே இல்ல. அன்னைக்கு மூடியிருந்துது." ஒரு காற்புள்ளியைப் போட்டுவிட்டு, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, டாக்டரம்மா" என்றார்.

அந்த வாரம் எல்லாக் கணினிகளுக்கும் அவள் புதுப் பாஸ்வேர்ட் போட்டாள். ஒவ்வொரு முறையும் அவள் விசைப்பலகையில் கை வைத்ததும் கமா தானாகவே எழுந்து, வெளியே போய் நின்றுகொண்டார்.