இரண்டாவது அளவு

என் பட்டத்துக்கான செய்முறைத் திட்டத்தில் பதினைந்து பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் ஜெகதாப்பட்டினம் மீன் இறங்குதளத்தில் இறால் பிரிப்பவர்கள். நான் அங்கேயே ஓர் ஐஸ் கம்பெனியில் டோக்கன் எழுதுகிறேன். எழுதிக்கொண்டே இரண்டு வருடம் ஆன்லைனில் ஹெல்த் அண்டு வெல்னஸ் மேனேஜ்மென்ட் எம்.பி.ஏ. படித்தேன். கடைசிப் பருவத்தில், ஏதாவது ஒரு பணியிடத்தில் பன்னிரண்டு வாரம் உடல்நலத் திட்டம் நடத்திக் காட்ட வேண்டும். வருகை எண்பது சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும்.

திங்கட்கிழமை கடலுக்குப் போகும் விசைப்படகுகள் செவ்வாய் காலை திரும்பும். பிரிப்பு வேலை முடியப் பத்து மணியாகும். அதன் பிறகு கம்பெனிக் கொட்டகையில் அரை மணி நேரம் மூச்சுப் பயிற்சி, முதுகை வளைக்காமல் கூடை தூக்குவது, உப்பைக் குறைப்பது பற்றிக் கொஞ்சம் பேச்சு. எல்லாவற்றுக்கும் முன்னால், வந்ததும் பிரஷர் பார்ப்பேன்.

முதல் வாரம் பதினைந்து பேரும் வந்தார்கள். மூன்றாவது வாரம் ஒன்பது பேர்.

“காலம்பூரா கடக்காத்துல நிக்கிறோம். நாங்க இழுக்காத மூச்சையா நீ இழுக்கச் சொல்லப் போற?” என்று பிரகதாம்பாள் அக்கா கேட்டாள்.

நான்காவது வாரம், கையில் சுற்றிய பட்டை காற்றேறி இறுகியபோது அவளே கண்ணை மூடிக்கொண்டு, “ஆத்தாடி, இந்த பெல்ட்டு பிரஷர அப்படியே பிழிஞ்சு எடுக்குதுடி! தலபாரம் போயே போச்சு” என்றாள். கொட்டகையே சிரித்தது. சொர்ணம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். எல்லாரையும்விட அவளுக்குத்தான் அளவு அதிகம். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும் நர்சம்மா தருகிற மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ரெண்டு தடவ போட்டு விடு தாயி. எனக்குத்தானே கூடுதலா இருக்கு.”

போட்டேன். முதல் அளவு நூற்று அறுபத்து நான்கு. இரண்டாவது நூற்று ஐம்பத்திரண்டு. வேலையிலிருந்து வேகமாக நடந்து வந்தவள் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் குறையத்தான் செய்யும். இது பாடத்தில் இருக்கிறது. தேர்விலும் எழுதியிருக்கிறேன்.

“எறங்கிருச்சா?”

பட்டை அளக்க மட்டும்தான் செய்யும், இறக்காது என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வெளியே ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடி நின்றது. அவ்வளவு நேரம்.

“எறங்கிருச்சுக்கா” என்றேன்.

சொன்னது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே என்னை உறுத்தியிருக்கும்.

அடுத்த செவ்வாய் பதினைந்து பேரும் வந்தார்கள். “பெல்ட்டு போட வாங்கடி” என்று சொர்ணம் அக்காதான் இறங்குதளம் முழுக்கக் கூவிக் கூட்டி வந்தாள். அதன் பிறகு அவளுக்கு எல்லா வாரமும் இரண்டு தடவை. முதல் அளவு வாரத்துக்கு வாரம் கூடியது. நான் இரண்டாவதை மட்டும் எழுதினேன். இரண்டாவதும் கூடியபோது மூன்றாவது தடவை அளந்தேன். ஏன் கூடுகிறது என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

பன்னிரண்டு வாரமும் முடிந்து, வாய்மொழித் தேர்வு வீடியோ காலில் நடந்தது. “வருகை தொண்ணூறு சதவீதம். கூலி வேலை செய்றவங்கள எப்படி வர வச்சீங்க?” என்று என் திட்ட வழிகாட்டி வியந்தார்.

“நம்பிக்கை வந்துருச்சு மேடம்” என்றேன். முதல் வகுப்பு கிடைத்தது.

அதற்கடுத்த செவ்வாய் டோக்கன் ஜன்னலில் சொர்ணம் அக்கா நின்றாள். பின்னால் பிரகதாம்பாள் அக்கா.

“எங்க புள்ள பெல்ட்டு?”

“முடிஞ்சிருச்சுக்கா. என் படிப்பு முடிஞ்சிருச்சு.”

“ஒனக்கு முடிஞ்சிருச்சு. எனக்கு? நான் மாத்திரய நிப்பாட்டி ரெண்டு மாசமாச்சு. அது கால வீங்க வைக்குது, ஈரத்துல நிக்க முடியல. பெல்ட்டுதான் எறக்குதேன்னு விட்டுட்டேன். இப்ப ரெண்டு நாளா பொடனி வலிக்குது.”

மேசைக்குள் இருந்த கருவியை எடுத்து அங்கேயே சுற்றினேன். நூற்றுத் தொண்ணூற்றாறு. மறுபடி அளக்கவில்லை.

“அக்கா, இது அளக்கத்தான் செய்யும். எறக்காது. எனக்கு அப்பவே தெரியும்.”

பின்னால் நின்ற பிரகதாம்பாள் அக்கா சிரித்துவிட்டாள். “அடி கூறுகெட்டவளே, நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்டி! அத நெசம்னா நம்புன?”

சொர்ணம் அக்காவின் முகம் சிறுத்துப்போனது. நோயைவிட அந்தச் சிரிப்புதான் அவளை அடித்தது என்று நினைக்கிறேன்.

“அவ வெளையாண்டா, சரி” என்றாள் என்னிடம். “நீயுமா புள்ள?”

பேருந்தில் மணமேல்குடி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

“மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“மறந்துட்டேன் சார்” என்றாள்.

எனக்காகச் சொன்னாளா, தன் வெட்கத்துக்காகச் சொன்னாளா, தெரியவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இப்போதும் எனக்கு நேரம் இருந்தது.

“அவங்க மறக்கல சார்” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது அளவை, மூன்றாவது அளவை.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். “மீதி பதினாலு பேரு?”

அதுவரை அவர்களை நான் நினைக்கவே இல்லை.

“தெரியல சார்.”

“செவ்வாக்கெழம நர்ச அனுப்புறேன். எல்லாரும் வரணும். நீங்களும் நின்னு, இத அவங்க முன்னாடி சொல்லணும்.”

“சொல்றேன் சார்.”

“இவ கூப்புட்டா இனி எவளும் வரமாட்டா” என்று சொர்ணம் அக்கா எழுந்தாள். “நான் கூட்டியாறேன்.” வேறு மாத்திரை எழுதிய சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திரும்பும்போது அவள் முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்தாள். நான் பின்னால். பையில் போட்டுக்கொண்டு வந்த கருவியின் நினைவகத்தில் அவளுடைய முதல் அளவுகள் ஒன்றும் அழியாமல் தேதியோடு இருந்தன. பொத்தானை அழுத்தி அழுத்தி, ஒவ்வொன்றாக ஐஸ் டோக்கன்களின் பின்புறத்தில் எழுதினேன். ஊர் வருவதற்குள் வழிகாட்டிக்கான கடிதத்தின் முதல் வரியும் எழுதி முடித்திருந்தேன். முன் இருக்கையில் அவள் ஒருமுறை பிடரியைத் தேய்த்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.