தேத்தண்ணி குடிக்காதவள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். காற்றிலுள்ள தூசியை எண்ணிப் பிழைக்கிற விஞ்ஞானிக்கு அது கூடாது என்று என் பேராசிரியரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் ஹரோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆரம்பப் பள்ளிக்கூட வாசலில், காலை எட்டரைக்கு எஞ்சினை நிறுத்தாமல் வரிசைகட்டி நிற்கும் கார்களைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது? மூன்று வருடமாக அங்குள்ள விளக்குக் கம்பத்தில் என் கருவியைக் கட்டி, அந்த அரைமணி நேரத்தில் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் என்ன போகிறது என்று அளந்து வைத்திருந்தேன். அதே தெருவில் இருக்கும் தனுஷியாவின் மகளுக்கு வயது ஏழு. போன குளிர்காலத்தில் மட்டும் இரண்டு தரம் மூச்செடுக்க முடியாமல் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் தெருவைக் கார்களுக்கு மூடுங்கள் என்று நானும் தனுஷியாவும் கவுன்சிலிடம் கேட்டோம். தெருவாட்கள் சம்மதித்தால் மூடலாம் என்றார்கள். தெருவில் பாதி தமிழ் வீடுகள். அவர்களுக்குக் கனகலிங்கம் அண்ணை சொன்னால் சொன்னதுதான். எண்பத்துநாலில் இந்த நாட்டுக்கு வந்து, புதிதாக வந்த அத்தனை பேருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்.

அவரிடம் போனேன். என் வரைபடத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். என் மாணவர்களுக்கே தோன்றாத இரண்டு கேள்வி கேட்டார். சம்மதப் படிவத்தில் கையெழுத்திடப் பேனையை எடுத்துவிட்டார். அப்போது அவர் மனைவி சிவனேஸ்வரி அக்கா பூப்போட்ட கோப்பையில் தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவள். எங்களுக்குத் தேநீர், கோப்பி இரண்டும் விலக்கு. வேண்டாம் அக்கா என்று சொல்லிக் கோப்பையைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு வரைபடத்துக்குத் திரும்பினேன். அண்ணையின் பேனை சட்டைப் பைக்குள் போய்விட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

ஒரு வாரத்துக்குள் தமிழ் வீடுகள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடக்கவிருந்த கவுன்சில் வாக்கெடுப்பில் எங்களுக்கு எதிராகப் பேசக் கனகலிங்கம் அண்ணை பெயர் கொடுத்திருக்கிறார் என்ற செய்தியும் வந்தது.

எனக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதென்று நினைத்தேன். சைவ வீட்டில் பிறந்து இருபத்தாறு வயதில் சபைக்குப் போனவள் நான். மதம் மாறினவள் என்று கலியாண வீடுகளில் என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்திலோ நேர்மாறு, இவ்வளவு படித்தவள் கடவுளை நம்புகிறாளாம் என்று சிரிப்பார்கள். எண்ணக்கூடியதை எண்ணுகிறேன், எண்ணமுடியாததன் முன்னால் முழந்தாளிடுகிறேன், இதில் உங்களுக்கு என்ன நட்டம் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. இந்தத் தரம் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு உபவாச நாள். சனி மாலையிலிருந்து ஞாயிறு மாலை வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அன்று சபையில் விரும்பியவர்கள் எழுந்து தங்கள் விசுவாசத்துக்குச் சாட்சி சொல்வோம். நானும் எழுந்து, தொண்டை வறள வறள, வீராவேசமாகச் சொல்லிவிட்டு, மாலையில் பஸ்ஸில் வந்து இறங்கினேன். தரிப்பிடத்தில் தனுஷியா நின்றாள். அழுதிருந்தாள். என் மதம்தானே காரணம் என்றேன். மதமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை அக்கா என்றாள். சாதி பார்த்து நான் தேநீரைத் தொடவில்லை என்று அண்ணை நினைத்திருக்கிறார். தெருவும் அதைத்தான் நம்புகிறது.

பரிசோதிக்காத ஓர் ஊகத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் குதித்திருக்கிறேன். ஒரு மாணவர் இதைச் செய்திருந்தால் தாளைக் கிழித்து எறிந்திருப்பேன். வீட்டுக்குப் போகவில்லை. நேரே அண்ணை வீட்டு மணியை அடித்தேன்.

அவர் கதவைப் பாதிதான் திறந்தார். நான் வாய் திறக்குமுன் அவர் தொடங்கினார்.

"என்ர அப்பருக்குத் தேங்காய்ச் சிரட்டையிலதான் தேத்தண்ணி ஊத்தினவை, பிள்ளை. எங்கட வீட்டுத் தண்ணியை ஒருத்தரும் தொடமாட்டினம். இஞ்ச வந்து நாப்பது வருசம். என்ர சொந்த வீட்டில, என்ர மேசையில, நீர் கோப்பையைத் தள்ளி வைச்சனீர்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் மோர்மன், பெற்ற தாய் ஊற்றினாலும் தேநீர் குடிப்பதில்லை என்றேன்.

"இதை ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"வெக்கம், அண்ணை. நீங்கள் என்ன நினைப்பியளோ எண்டு பயம்."

அதைச் சொன்னபோதுதான் எனக்கே அது தெரிந்தது. சபையில் எழுந்து சாட்சி சொல்கிறவள், தெருவில் இரண்டு சொல் சொல்ல வாயில்லாமல் போயிருக்கிறேன். அந்த இரண்டு சொல்லை விழுங்கியதால் ஒரு மனிதரின் அறுபது வருடப் புண்ணைக் கிளறியிருக்கிறேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து சிவனேஸ்வரி அக்கா, முகம் வாடியிருக்கிறதே, சாப்பிட்டீரா என்று கேட்டார். உபவாசம் என்றேன். தண்ணீரும் இல்லையா என்றார். இல்லை என்றேன். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருக்கிறவர் அவர். அவருக்கு மேற்கொண்டு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நீங்கள் விட்டால், இண்டைக்கு இஞ்சயே முடிக்கிறன் அக்கா. உங்கட கையால."

அண்ணை கதவை முழுதாகத் திறந்தார். "எங்கட வீட்டில பாறணையோ?" என்றார். விரதகாரர் ஒரு வீட்டில் உண்டு விரதம் முடிப்பது, பாறணை பண்ணுவது, அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய மரியாதை என்பதை அந்தத் தெருவில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

பேணியில் தண்ணீரை அண்ணையே கொண்டுவந்து என் கையில் தந்தார். நான் தலை குனிந்து தமிழில் செபித்து ஆமென் என்றேன். அதே நேரம் அவர் சிவசிவா என்றார். அக்கா சிரித்துவிட்டார். பிறகு குத்தரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி என்று வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அண்ணை எதிரே இருந்து கடைசிப் பிடி வரை பார்த்தார். பிறகு வரைபடத்தை இன்னொரு தரம் காட்டும் என்றார்.

செவ்வாய்க்கிழமை கவுன்சில் மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. எதிர்த்துப் பேச வேண்டியவர் எழுந்தார். என் எண்களை ஒன்றுகூடப் பிசகாமல் சொன்னார். பிறகு, மூச்சுக்குச் சாதியும் இல்லை, சமயமும் இல்லை, என் பெயரை ஆதரவுப் பக்கம் மாற்றி எழுதுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அமர்ந்தார். கவுன்சிலர்களில் ஆதரவு பத்து, எதிர்ப்பு இரண்டு. வென்றோம். தனுஷியா என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கண்ணாடி வளைந்துபோனது.

செப்டெம்பரில் தெரு மூடிய முதல் காலை, பிள்ளைகள் நடுத்தெருவில் நடந்து வந்தார்கள். தனுஷியாவின் மகள் ஓடியே வந்தாள். கம்பத்தில் என் கருவி காட்டிய எண் பழையதில் பாதிகூட இல்லை. எனக்குக் கூத்தாட வேண்டும்போல இருந்தது. கனகலிங்கம் அண்ணை ஒரு பெரிய பிளாஸ்கும் கோப்பைகளுமாக வந்தார். தெருவே பார்த்துக்கொண்டு நிற்க, முதல் கோப்பையை ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"மல்லித்தண்ணி. தேயிலை இல்லை. பயப்பிடாமல் குடியும்."

நான் எல்லோருக்கும் தெரிய நின்று, ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். பிறகு கோப்பையை அவரிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.