நாலாவது ஆள்

சனிக்கிழமை மதியம் ஆபீஸ் விட்டதும் நேரே ஹௌரா ஸ்டேஷன். ராகவேந்திரனின் அக்கா நாகலக்ஷ்மி கட்டிக் கொடுத்த புளியோதரையோடு ரயிலேறினால், ஞாயிறு முழுக்க ஏதாவதொரு குன்று. பவானிபூர் குமாஸ்தாக்கள் நால்வருக்கும் மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

கூடவே வரும் பெட்டிக் காமிரா, நால்வரில் ஒருவனான சிவராமகிருஷ்ணனுடையது. அவன் படமெடுக்கப் போனால் மிச்சம் மூன்று பேர். மூன்று பேராகப் படத்தில் நின்றால் ஒருவர் ஆயுசுக்கு ஆகாதாம். ஆபீசில் இங்கிலீஷில் வெளுத்துக்கட்டுகிற ஆசாமிகள், இதை மட்டும் விடவில்லை. கண்ணில் பட்டவரைக் கெஞ்சிக் கூத்தாடி நாலாவது ஆளாக நிறுத்திவிடுவார்கள். ஒரு படத்தில் கொடியோடு ரயில்வே சிப்பந்தி. இன்னொன்றில் விறகுச் சுமையோடு ஒரு சந்தால் பழங்குடிக் கிழவி. யாரும் அகப்படாத நாளில் ஓர் ஆடு.

சிமுல்தலா குன்றின் உச்சியில் ஆடுகூட இல்லை. வெயில் சாய்ந்து, காடெல்லாம் மஞ்சள் பூசிக் கிடந்தது.

"எடுடா, வெளிச்சம் போயிடும்" என்று சிரித்தான் ராகவேந்திரன். சிவராமகிருஷ்ணன் எடுத்தான். மூன்றாம் மாதம் காலரா ராகவேந்திரனைக் கொண்டுபோயிற்று.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் சிவராமகிருஷ்ணன் அறையிலேயே கிடந்தான். பழைய படங்களைப் பாயில் பரப்பினால் போதும், சுவர் விலகிவிடும். பனியும் என்ஜின் புகையும் கலந்து வரும். நாலு பேரும் நடந்துகொண்டே இருப்பார்கள். அந்தக் கடைசிப் படம் மட்டும் டிரங்குப் பெட்டியின் அடியில், குப்புறக் கிடந்தது. தன் கைதான் அவனைக் கொன்றது என்று உள்ளூர நம்பினான், பாவி.

ஒருநாள் நாகலக்ஷ்மியே வந்து நின்றாள். "மலை உச்சியில அவன் நின்ன படம் உன்கிட்ட இருக்காமே. நாளைக்கு ஊருக்குப் போறேன். குடுடா."

பார்த்தால் எண்ணுவாள். எண்ணினால் ஜன்மத்துக்கும் மன்னிக்கமாட்டாள். பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

அவள் எண்ணத்தான் செய்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." விரல் முகங்களைத் தாண்டிப் புல்தரைக்கு இறங்கி நின்றது.

"இது யாருடா?"

குனிந்து பார்த்தான். மார்போடு காமிராப் பெட்டியை அணைத்தபடி, முழங்கை மடங்கிய நீளமான நிழல். அன்று சூரியன் அவன் முதுகுப் பக்கம் இருந்தது. இத்தனை நாளில் முகங்களுக்குக் கீழே அவன் பார்த்ததே இல்லை.

"நான்தான், அக்கா."

"அப்போ நாலு பேர்தானே? அவன் காலைத் தொட்டுண்டுன்னா இருக்கே!"

சுடுகாட்டில் வராத அழுகை அவனுக்கு அப்போது வந்தது. அவள் படத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"இதையே இன்னொரு காப்பி போட்டு நீயும் வெச்சுக்கோ" என்றாள்.