சாயத்துக்கு அடியில்

மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகர ஞாயிற்றுச் சந்தையில் குகோவின் பீப்பாய்க் கடைக்குத்தான் கூட்டம் அதிகம். அமெரிக்க எல்லையோரத்தில் தொழிற்சாலைகள் முளைக்க முளைக்கக் குடிசைகளும் முளைத்தன. தண்ணீர்க் குழாய் மட்டும் வந்து சேரவில்லை. வாரம் ஒருமுறை வரும் லாரித் தண்ணீரைப் பிடித்துவைக்கப் பீப்பாய் வேண்டாமா? தொழிற்சாலைகள் கழித்துப்போட்ட பீப்பாய்களைக் குகோ வாங்கி, நீலச் சாயம் அடித்து, மிச்ச மெருகை வாயாலேயே ஏற்றி விற்பான்.

அன்று நொஹெமி வந்தாள். தொழிற்சாலைத் தொழிலாளி. மகள் யாரெத்துக்கு மூன்று வாரமாக உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. பிள்ளையை அடிக்கடி குளிப்பாட்டத் தண்ணீர் போதாமல், போன மாதம் அவனிடம் வாங்கியதற்குத் துணையாக இன்னொரு பீப்பாய் தேடினாள்.

குகோ இருநூறு பெசோவிலிருந்து இறங்கவில்லை. பேரத்தில் அவளும் லேசுப்பட்டவள் அல்ல. சாயம் மட்டமென்று காட்ட நகத்தால் பரபரவென்று சுரண்டினாள். உரிந்த இடத்தில் ஒரு மண்டையோடு பல்லைக் காட்டியது.

நொஹெமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொழிற்சாலையில் முழங்கைவரை கையுறை மாட்டிக்கொண்டு அவள் தினமும் தொடும் ரசாயனப் பீப்பாய்களில் இருக்கும் அதே விஷ முத்திரை.

"மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவினதுக்கா. மோந்து பாருங்க" என்றான் குகோ.

"மோந்து பாக்க வேணாம்ணே. இதுல தண்ணி ஊத்துறேன், ஒரு டம்ளர் குடிங்க. நீங்க சொன்ன விலைக்கு அத்தனையும் நானே எடுத்துக்கிறேன்."

சந்தையே திரண்டுவிட்டது. பர்ரிட்டோ ரொட்டிச்சுருள் விற்பவள் டம்ளரை நீட்டினாள். நொஹெமி பீப்பாயில் தண்ணீர் ஊற்றி, அதில் மொண்டு குகோவிடம் கொடுத்தாள். எந்தப் பேரத்திலும் தோற்காத குகோ டம்ளரை உதடுவரை கொண்டுபோனான். பிறகு மெல்லக் கீழே வைத்தான்.

"வீட்டுல நாங்க கேன் தண்ணிதான்க்கா" என்று முனகினான்.

அடுத்து அவன் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. சுத்தியலும் உளியும் எடுத்து ஒவ்வொரு பீப்பாயின் அடியிலும் ஓட்டை போட்டான்; இனி ஒன்றிலும் தண்ணீர் நிற்காது.

"இப்பத்தான்டா ஒழுங்கா கழுவுற" என்றாள் பர்ரிட்டோக்காரி.

நொஹெமி வீட்டுக்கு ஓடினாள். அங்கிருந்த பீப்பாயின் சாயத்தைச் சுரண்டினால், அதிலும் அதே மண்டையோடு. முத்திரையைக் கைப்பேசியில் படமெடுத்து, பிள்ளையோடு மருத்துவரிடம் போனாள். காரணம் தெரிந்ததும் வைத்தியம் மாறியது. இரண்டே வாரத்தில் தடிப்பு அடங்கியது.

தெருவே தன் பீப்பாய்களைச் சுரண்ட ஆரம்பித்தது. கூடிய பெண்களிடம் நொஹெமி சொன்னாள்:

"ஃபாக்டரியில கையுறை போட்டுத் தொடுறத வீட்டுல பிள்ளைக்கு ஊத்திக் குடுத்திருக்கோம். கழுவினா விஷம் போயிரும்னு நம்புனதுதான் நம்ம தப்பு. உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியாத பீப்பாயில ஒரு சொட்டுத் தண்ணி பிடிக்காதீங்க. விக்கிறவன மொதல்ல குடிக்கச் சொல்லுங்க."